நான்காம் விதியும் நியாஸின் பலகையும்

விதி நான்கு: பணியிலிருந்து விலகுபவர், பணியேற்பவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ வாயால் சொல்ல வேண்டும். பணியேற்பவர் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று திருப்பிச் சொல்வதை விலகுபவர் காதால் கேட்க வேண்டும். கேட்கும்வரை பணி விலகுபவருடையதே.

எங்கள் அலுவலகத்தின் பணி ஒப்படைப்பு விதி இது. எழுதியவன் நான். படித்தவர்கள் யார் என்று ஓய்வு பெறும்வரை விசாரித்துப் பார்த்தேன். ஒரே ஒருவன்தான் சிக்கினான். அவனைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவங்கள் பயன்படும் என்று யாரோ நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு வரி நிரல்கூட எழுதியவனல்ல. நாகர்கோவில் கிளையில் என் வேலை, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதிவைப்பது. அந்த வரிசையில் அது நடக்கவில்லை என்று பிறகு கண்டுபிடிப்பது. இரண்டாவது வேலைக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

நாங்கள் செய்துகொடுத்தது மருத்துவமனை மருந்தகங்களுக்கான மென்பொருள். வளைகுடாவில் ஒரு மருத்துவமனைக் குழுமம் அதைப் பயன்படுத்தியது. மருத்துவர் எழுதும் மருந்து மருந்தாளரின் திரைக்கு வரும். நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற தகவல் அதே திரையின் மேற்புறத்தில் சிவப்பில் நிற்கும். மென்பொருளில் கோளாறு வந்தால் உடனே எடுத்துப் பேசவும் சரிசெய்யவும் எந்நேரமும் ஒருவர் ஆன்-கால் டூட்டியில் இருக்க வேண்டும். யார் எப்போது என்பது டூட்டி சார்ட்டில் இருக்கும். நோயாளிகளின் தகவலை வெளியிலிருந்து தொட முடியாது. அலுவலகத்துக்குள் உட்கார்ந்துதான் தொட முடியும். ஆகவே டூட்டியில் இருப்பவர் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது.

நியாஸ் வேலையில் சேர்ந்த வாரமே எனக்கு அறிமுகமானான். அவனுக்கு முன்னால் அவன் பலகை அறிமுகமானது. வாசல் காவலர் இன்டர்காமில் கூப்பிட்டார்.

“சார், ஒரு பலகை வந்திருக்கு. பாஸ் போடணுமா?”

“ஆளா அது, பாஸ் போட?”

“ஆளவிட நீளம் சார்.”

இறங்கிப் போனேன். கடல் அலையில் ஏறி நின்று வழுக்கி வருவதற்கான பலகை. அதைக் குழந்தையை இடுக்கியதுபோல் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையில் உப்பு காய்ந்து, சட்டையை மட்டும் ஒழுங்காக இஸ்திரி போட்டு ஒருவன் நின்றான்.

“கார் மேல வச்சா என்ன?” என்றேன்.

“வெயில்ல மெழுகு உருகிரும் சார். பொறவு கால் நிக்காது.”

சொந்தப் பொருட்கள் பற்றிய விதியில் குடைக்கு இடமிருக்கிறது, தலைக்கவசத்துக்கு இடமிருக்கிறது. ஆளைவிட நீளமான பொருளை அதை எழுதியவர் நினைத்துப் பார்த்ததில்லை. (அதை எழுதியவன் நானல்ல.) விதி தடுக்காததை நான் தடுப்பதில்லை. ஜெனரேட்டர் அறையின் சுவரோரம் அதற்கு இடம் கொடுத்தேன். காவலர் மட்டும் மனம் கேட்காமல் ‘பார்வையாளர்’ என்று ஓர் அட்டையை அதன் கழுத்தில் கட்டிவிட்டார். அந்த அட்டை கடைசிவரை அவிழ்க்கப்படவில்லை.

நியாஸ் குளச்சல்காரன். வாப்பாவுக்கு ஷார்ஜாவில் கடை. ஒரு பெருநாளைக்கு அவன் வீட்டில் சாப்பிட்டபோது அவன் உம்மா என்னிடம் முறையிட்டார்: “கடலுக்குப் போவாண்டாம்னுதான் சார் இவன எஞ்சினியருக்குப் படிக்க வச்சது. இப்போ படிச்சுக்கிட்டு கடலுக்குப் போறான். அதும் ஒரு சாளைமீன்கூட கொண்டு வராம.” நியாஸ் தலையைக் குனிந்து பிரியாணியில் கவனமாக இருந்தான்.

தினமும் விடியும் வேளையில் ஊருக்கு வெளியே முட்டம் கடற்கரைக்குப் போவான். பாறைகளை விட்டு விலகி, மணல் விரிந்த பக்கத்தில் இறங்குவான். அலுவலக நேரத்துக்கு முன்னால் இருக்கையில் இருப்பான். மாலையில் மற்றவர்கள் கண் சிவந்து, டீக்கடைக்கும் இருக்கைக்குமாக அலைந்துகொண்டிருக்கும்போது இவன் காலையில் எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு எழுந்துபோவான். அவன் எழுதிய பகுதியில் கோளாறு என்று என்னிடம் வந்த புகார்கள் மிகக் குறைவு. அவன் போகும் நேரத்தைப் பற்றி வந்த புகார்கள் ஏராளம். கடலில் விளையாடுகிறவன் டூட்டிக்குத் தகுதியானவனா என்று பெயரில்லாத ஒரு மின்னஞ்சலும் வந்தது. புகார் வந்தால் நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டம் போனேன்.

நான் வயல் பக்கத்துக்காரன். கடலைக் கலங்கரை விளக்கத்தின் அடிவாரத்தில் நின்று பார்ப்பதோடு சரி. அன்று மணலில் துண்டு விரித்து உட்கார்ந்து பார்த்தேன். நியாஸ் பலகையில் படுத்துக் கையால் துழாவி, அலை உடையும் இடத்துக்கு அப்பால் போய், திரும்பி உட்கார்ந்துகொண்டான். பிறகு ஒன்றுமே செய்யவில்லை. அலை வந்தது, விட்டான். பெரிதாக இன்னொன்று வந்தது, அதையும் விட்டான். கூட வந்த பையன்கள் கிடைத்ததிலெல்லாம் ஏறிக் கவிழ்ந்து, வாயில் மணலோடு எழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கே சலித்துவிட்ட நேரத்தில் ஒரு சாதாரண அலையில் எழுந்து நின்றான். கரைவரை, ஏதோ தன் வீட்டு மாடியிலிருந்து இறங்கி வருகிறவன்போல் வந்தான்.

“ஏண்டே இவ்வளவு அலய விட்ட?”

“எனக்குள்ளது வரல்ல சார்.”

“அந்தப் பெருசு?”

“அது பாறைக்குப் போற அலை சார். ஏறுனா நல்லாத்தான் இருக்கும். எறங்க எடம் கெடைக்காது.” தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். “புகாரா சார்? யாரு, நம்ம ஆபீஸ் பின்வரிசை ஆளா?”

“புகார்தாரர் பெயரை வெளியிடக் கூடாதுன்னு விதி.”

“அப்போ பின்வரிசைதான்.”

இறங்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுவதை நம் துறையில் பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல ஹோட்டலில், குளிரூட்டிய அறையில், மதிய உணவோடு. நானும் போயிருக்கிறேன். உணவு நன்றாக இருந்தது. புகாரை முடித்துவைத்தேன்.

இனி அவன் செய்த தவறு. நீங்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். உங்களைப் போன்ற கெட்டிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது.

எங்கள் கிளையில் டூட்டி மாற்றிக்கொள்வது எப்போதும் உண்டு. கோயில் கொடை என்று ஒருவர் மாற்றுவார், ஊர்த் திருவிழா என்று இன்னொருவர், பெண் பார்க்க வருகிறார்கள் என்று வேறொருவர். நியாஸ் அலைக்காக மாற்றினான். அவனோடு மாற்றிக்கொண்டவள் அபிஷா. கருங்கல் பக்கத்துப் பெண். சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன, தகுதிகாண் காலம் முடியவில்லை. அவளுக்கு ஞாயிறு காலை திருப்பலிக்குப் போக வேண்டும். இவனுக்கு நல்ல அலை வரும் காலைகள் வேண்டும். இருவருக்கும் லாபம். ஆனால் அலை கிழமை பார்த்து வருவதில்லை. அடிக்கடி கேட்டு, அடிக்கடி மாற்றி, இருவருக்கும் அலுத்துப்போனது. மென்பொருள்காரர்களுக்கு ஒரு வேலை அலுத்தால் என்ன செய்வார்கள்? அதைச் செய்ய இன்னொரு மென்பொருளை எழுதுவார்கள்.

அவன் எழுதியது சின்ன நிரல்தான். அலை முன்னறிவிப்பைப் படிக்கும். டூட்டி சார்ட்டைப் படிக்கும். நல்ல அலை வரும் காலை நியாஸின் டூட்டியாக இருந்து, அபிஷா விடுப்பில் இல்லையென்றால், இருவர் பெயரையும் இடம் மாற்றி இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பும். அபிஷா சம்மதித்திருந்தாள். மாதக்கணக்கில் அது பிசகில்லாமல் ஓடியது. யாரும் யாரிடமும் வாய் திறக்கத் தேவையில்லாமல் போனது. விதி நான்கு எனக்கே மறந்துபோகிற அளவுக்கு அது அழகாக ஓடியது என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்.

சித்திரை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அபிஷாவின் அக்காவுக்குக் கல்யாணம். தகுதிகாண் காலத்தில் விடுப்பு கிடையாது. ஆகவே அவள் தன் குழுத்தலைவரிடம் வாயால் அனுமதி கேட்டு, அவரும் வாயால் கொடுத்திருந்தார். டூட்டி எப்படியும் அன்று நியாஸுடையது. விடுப்புப் பட்டியலில் அவள் பெயர் ஏறவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னறிவிப்பு என்ன சொன்னது என்றால், காற்றே இல்லை, அலை வெகு தூரத்திலிருந்து வருகிறது, நீண்ட இடைவெளி விட்டு, பெரிதாக வருகிறது. நிரலின் கணக்குப்படி ஆண்டிலேயே ஆகச்சிறந்த காலை. ஞாயிறு மாலை அது பெயர்களை மாற்றியது. அபிஷா கையில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள்; மின்னஞ்சல் பார்க்கவில்லை. அதே மாலை எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பும் மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

காலையில் நியாஸ், டூட்டியிலிருந்து தன் பெயர் நீங்கியதை மட்டும் மின்னஞ்சலில் பார்த்து, யார் பெயர் ஏறியது என்று பார்க்காமல், முட்டத்தில் பலகையை இறக்கி, அதைக் காலோடு பிணைக்கும் கால்கயிற்றைக் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து நின்றான். அன்று அங்கே நடந்ததைப் பிறகு அவனே சொன்னான். ஆகாயம் வெறிச்சென்று இருந்தது. கடல் எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தொடர்ச்சியாகச் சில அலைகள், ஒன்றன் பின் ஒன்றாக, அவன் அதுவரை பார்த்திராத ஒழுங்கோடு எழுந்து வந்து, வழக்கமாக நனையாத மணலைத் தாண்டிப் போய் நின்றன. மீன்பிடிக்கும் ஆட்கள் வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கத்தினார்.

“ஏலே பலகைக்காரா, எறங்கப் போறியா?”

“பாக்கேன் அண்ணே.”

“கள்ளக்கடல்டே. பலக தனியா வந்து சேரும், கேட்டியா.”

காற்றும் மழையும் இல்லாமல், எங்கோ தெற்கே கிளம்பிய அலைகள் ஓர் அறிகுறியும் காட்டாமல் வந்து கரை ஏறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். நிரலுக்கு அந்தச் சொல் தெரியாது. நியாஸ் கால்கயிற்றை அவிழ்த்தான். ஆண்டு முழுக்கக் காத்திருந்த அலை கண்ணெதிரே வந்துகொண்டிருக்க, பலகையைக் கார் மேல் கட்டித் திரும்பினான். மற்றவர்கள் கேலி செய்யவில்லையா என்று கேட்டேன். “செஞ்சாங்க சார். ‘உம்மா கூப்பிட்டாளா’ன்னு கேட்டாங்க. அவங்களும் எறங்கல்ல.”

எங்கள் அவசர அழைப்பு முதலில் டூட்டியில் இருப்பவருக்குப் போகும். அவர் எடுக்காவிட்டால் எனக்கு வரும். அன்று காலை எனக்கு வந்தது. அந்தப் பக்கம் வளைகுடாவில் ஒரு மருந்தாளர், மலையாளப் பெண். பதற்றமில்லாத குரல், அதுவே எனக்குப் பதற்றத்தைத் தந்தது.

“சார், இந்தப் பேஷியன்ட்டுக்குப் பென்சிலின் ஒத்துக்காது. போன மாசம் நான்தான் டைப் பண்ணினேன். இன்னைக்கு ஸ்க்ரீன்ல ‘ஒன்னும் இல்லை’ன்னு காட்டுது.”

“மருந்து கொடுத்திட்டீங்களா?”

“கொடுக்கல்லை. எனக்கு ஓர்மை இருந்ததுனால வாயால கேட்டேன். மத்த கவுண்டர்ல புதுப் பிள்ளைங்க. அவங்களுக்கு ஸ்க்ரீன்தானே ஓர்மை.”

சார்ட்டைப் பார்த்தேன். அபிஷா. அவள் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. அக்கா பலிபீடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்று விதி ஒரு நீண்ட வரிசை சொல்கிறது. நான் நியாஸைக் கூப்பிட்டேன்.

“அபிஷா டூட்டியா? அவ கல்யாணத்துல இருக்காளே சார்...” என்றவன் நிறுத்தினான். நிரல் என்ன செய்திருக்கும் என்று அந்த நிமிடத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. “ஆசாரிபள்ளம் தாண்டி ஊருக்குள்ள வந்துட்டேன். வாறேன்.”

கடலில் இறங்கியிருந்தால் அவன் தொலைபேசி காருக்குள் அடித்து ஓய்ந்திருக்கும். இதை நான் அப்போது யோசிக்கவில்லை.

கால் மணலோடு வந்து உட்கார்ந்தான். பெங்களூரிலிருந்து திட்ட மேலாளர் அழைப்பில் காத்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. அன்று மதியம் அதே புதிய பதிப்பை அந்த மருத்துவமனைகளின் தலைமைக்குக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்த மனிதர்.

“நியாஸ், பழைய ரெக்கார்டுகளைப் படிக்கிற இடத்துலதான் தப்பு. அரை மணி நேரத்துல ஃபிக்ஸ் பண்ணி அனுப்பிடலாம். ரெண்டு பேரை உட்கார வைக்கிறேன்.”

நியாஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையை விசைப்பலகையில் வைக்கவில்லை. மடியில் வைத்திருந்தான். முட்டத்தில் பலகைமேல் உட்கார்ந்திருந்த அதே உட்கார்வு.

“சார், அந்த ‘ஒண்ணும் இல்லை’ எத்தனை பேருக்கு வருதுன்னு நமக்குத் தெரியுமா?”

“பார்த்துட்டு இருக்காங்க.”

“அப்போ தெரியாது.”

“ஃபிக்ஸ் பண்ணினா எல்லாருக்கும் சரியாயிடும்பா.”

“அரை மணி நேரம் கவுண்டர்ல மருந்து கொடுத்துக்கிட்டேதான் சார் இருப்பாங்க. ரோல்பேக் பண்ணிரலாம். பழசுக்குப் போயிரலாம்.”

“ரோல்பேக்னா இந்த பதிப்பு திரும்ப அப்ரூவல் வாங்கணும். மாசக்கணக்காகும். டெமோவை நான் என்ன சொல்லி நிறுத்தறது? அதுவும் உனக்கு அந்த அதிகாரமே கிடையாது. டூட்டி இன்ஜினியர்தான் ரோல்பேக் பண்ணலாம். அபிஷா எங்கே?”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விதியைச் சொல்லும் ஆள் நான். நான் வாய் திறப்பதற்குள் நியாஸ் பேசினான்.

“சரி செஞ்சு அனுப்பினா நல்லாத்தான் இருக்கும் சார். தப்பா போச்சுன்னா எறங்க எடம் இல்லை. நான் திரும்புகேன்.” பிறகு என்னிடம், “நீங்க ஆஸ்பத்திரிக்குச் சொல்லிருங்க சார். ஸ்க்ரீனைப் பாக்காண்டாம், எல்லாரையும் வாயால கேட்டுட்டுக் கொடுக்கட்டும்” என்றான்.

நான் சொன்னேன். அவன் திருப்பினான். கொஞ்ச நேரத்தில் சிவப்பு எழுத்துகள் அவரவர் இடத்துக்கு வந்து சேர்ந்தன. பிறகு தேடிப் பார்த்ததில், தகவல் மறைந்துபோனவர்கள் நாங்கள் நினைத்ததைவிடப் பலர். மேலாளர் சொன்ன இடத்தில் மட்டுமல்ல, இன்னோர் இடத்திலும் பிழை இருந்தது. அந்த அரை மணி நேரத் திருத்தம் அதைத் தொட்டிருக்காது. யாருக்கும் தவறான மருந்து போகவில்லை. மதியம் டெமோ நடக்கவில்லை. நியாஸ் கழுவும் அறைக்குப் போய்க் கால் கழுவிவிட்டு வந்து, முதல் வேலையாகத் தன் டூட்டி மாற்றும் நிரலை அழித்தான்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நெருக்கடியில் துணிந்து முன்னே போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பதவி உயர்வும் கிடைத்திருக்கிறது. தனக்கு மிகவும் பிடித்த ஒன்றின் முன்னால் நின்று, அதைப் பார்த்து, திரும்பி வரத் தெரிந்தவர்கள் குறைவு. அதை ஒரே காலையில் இரண்டு முறை செய்தவன் இவன் ஒருவன்தான். மூன்றாவதாகவும் ஒன்று செய்தான். அது விசாரணையில்.

விசாரணையின் கேள்வி எளிமையானது: டூட்டி யாருடையது? சார்ட் அபிஷா என்றது. அப்படியென்றால் அபிஷா டூட்டியின்போது தொலைபேசியை அணைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போனவள், தகுதிகாண் காலத்தில் இருப்பவள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நியாஸ் டூட்டியில் இல்லாதவன். அதிகாரமில்லாமல் ரோல்பேக் செய்தவன். விளைவு நல்லதாக இருந்ததால் ஓர் எச்சரிக்கையோடு போகும். மேலாளரின் குறிப்பு இந்தத் திசையில்தான் இருந்தது.

விசாரணைக்கு முந்தைய நாள் தண்ணீர்க் குழாயருகே அபிஷா நின்றிருந்தாள். கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை.

“நான் போனை ஆஃப் பண்ணினது தப்புதான்னு சொல்லிருகேன் சார்.”

நியாஸ் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தான். “ஏட்டி, நீ ஒண்ணும் சொல்லாண்டாம். கல்யாணச் சோறு கொண்டு வந்தியா? இல்லல்லா? பேசாம போ.”

அவள் போனதும் என்னிடம் கேட்டான். “சார், விதி நாலு இப்பவும் உண்டும்தானே?”

இத்தனை ஆண்டுகளில் ஒரு வாசகன்.

“நீ படிச்சிருக்கியா?”

“சேர்ந்த அன்னைக்கே எல்லாத்தையும் படிச்சேன் சார். நாலுதான் நல்லா இருந்துது. பொறவு அதை நானே மறந்துட்டேன்.”

“கேளு. நீ அந்த விதியைச் சொன்னா டூட்டி உன் தலைல வந்து விழும். டூட்டி நேரத்துல பலகையோட முட்டத்துல நின்னவன் ஆயிருவ. சார்ட்டை நிரல் வச்சு மாத்தினவன் ஆயிருவ. சொல்லாம இருந்தா ஓர் எச்சரிக்கையோட தீரும்.”

“அவ வேலை?”

பாட்டில் நிரம்பி வழிந்தது. குழாயை நான் திருகி மூடினேன்.

“விதியை நீங்கதானே சார் எழுதினது?”

“எழுதினேன். கொண்டுபோய்த் தலைல போட்டுக்கிடணும்னு எழுதல்லை.”

சிரித்தான். மறுநாள் விசாரணை அழைப்பில், மேலாளர் கேட்ட கேள்விக்கு நான்காம் விதியை வரி பிசகாமல் சொன்னான். “நான் அபிஷாகிட்ட வாயால சொல்லல்ல. அவ ‘ஏத்துக்கிட்டேன்’னு நான் கேக்கல்ல. டூட்டி என்னுடையது. ரோல்பேக் செய்ய அதிகாரம் எனக்கு இருந்தது. ஊரைவிட்டு வெளியே போனதும் நான்தான்.” அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று மேலாளர் என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு வருத்தத்தோடு நான் சரியாக இருந்ததில்லை.

அபிஷாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நியாஸைப் பெங்களூர் தலைமையகத்துக்கு மாற்ற உத்தேசம், இறுதி முடிவு பின்னர், அதுவரை இங்கேயே வழக்கம்போல் பணி என்று வந்தது. சம்பளம் குறையவில்லை, கூடவும் வாய்ப்பிருந்தது. கடல் மட்டும் அங்கே கிடையாது. பெங்களூரில் நிறைய ஏரி உண்டு என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் ஆறுதல் சொன்னார்.

நான் தலைமையகத்துக்கு எழுதினேன். நான்காம் விதியை எல்லாக் கிளைகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும், எந்த நிரலும் டூட்டியை மாற்றக் கூடாது, இடமாற்றத்தைக் கைவிட வேண்டும். கடைசிக் கோரிக்கைக்குக் காரணமாக ஒரே வரி எழுதினேன்: திரும்பி வரத் தெரிந்த ஒருவர் இந்தக் கிளைக்குத் தேவை. உடனே பதில் வந்தது, என் மின்னஞ்சல் தங்களுக்கு முக்கியமானது என்று. அதை எழுதியதும் ஒரு நிரல்தான். நினைவூட்டினேன். மறுபடியும் முக்கியமானது என்றது.

வைகாசி போயிற்று, ஆடியும் போயிற்று. நியாஸ் காலையில் கடலுக்கும் பிறகு வேலைக்கும் வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு நாளும் கடைசி நாளாக இருக்கலாம் என்பதால் மோசமான அலைக்கும் போனான் என்று நினைக்கிறேன், அவன் சொல்லவில்லை. டூட்டி நாட்களில் போகவில்லை. மாலையில் அபிஷாவின் மேசைக்குப் போய் நின்று ஒப்படைப்பான். அவள் தலை நிமிராமல் “ஏத்துக்கிட்டேன், ஏத்துக்கிட்டேன், போங்கண்ணா” என்பாள். “ஒருதரம் சொன்னா போதும், விதில ஒருதரம்தான்” என்பான்.

ஆகஸ்ட் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். சால்வை போட்டார்கள். எனக்குப் பின் வந்தவரை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி, பொறுப்பை வாயால் சொல்லி, ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று அவர் சொல்லும்வரை மேடையை விட்டு இறங்கவில்லை. கூட்டத்தில் கைதட்டியது நியாஸ் மட்டும். அவன் விஷயத்தில் பதில் அப்போதும் வந்திருக்கவில்லை. ஓய்வு பெற்றவர் நிலுவையிலுள்ள அலுவலக விவகாரங்களை விசாரிக்கக் கூடாது. விசாரிக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு வந்த ஒரு விடுமுறை நாளில், மதுரையிலிருந்து வந்திருந்த மைத்துனர் குடும்பத்தை முட்டத்துக்கு அழைத்துப் போனேன். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து கடல் தெளிந்திருந்தது. எனக்கே தெரியும்படி அலை அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரே சீராக எழுந்து, இடமிருந்து வலமாகப் பிரிந்து உடைந்துகொண்டிருந்தது. பலகைப் பையன்கள் அத்தனை பேரும் தண்ணீரில் இருந்தார்கள். பழைய உட்கார்வைத் தேடினேன். இல்லை. கரைக்கு வந்த ஒருவனைக் கேட்டேன்.

“நியாஸ் வரலியா தம்பி?”

“காணல்ல அண்ணாச்சி. இப்படி ஒரு அலைக்கு வராம இருக்க மாட்டான். ஊர்லயே இல்லன்னு தோணுது.”

அப்படியானால் பெங்களூர்தான். மைத்துனரின் பிள்ளைகள் சிப்பி பொறுக்கினார்கள். நான் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில் எனக்கு வாங்கிய இளநீரைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மைத்துனர் முடிவுசெய்துகொண்டார்.

மாலையில் தொலைபேசி வந்தது.

“சார், நியாஸ். பதில் வந்துட்டு. உங்க பேருக்கு. புது சார் வீட்டுலேருந்து எனக்கு அனுப்பினாரு.”

“என்னன்னு?”

“மூணும் ஏத்துக்கிட்டாங்க. மாற்றம் இல்லை சார். கீழ ஒரு வரி, நீங்க இது கிடைச்சதுன்னு உறுதிப்படுத்தணுமாம்.”

“நான்தான் ஓய்வு பெற்றுட்டேனே. எப்போ வந்தது?”

“காலையிலயே.”

“காலையிலயா? நான் அங்க முட்டத்துல நின்னு... ஏண்டே, இப்போதான் சொல்லுகியா?”

“டூட்டில இருந்தேன் சார். லீவு நாள், வேற ஆளும் இல்லை. இப்போதான் அபிஷா வந்து ஏத்துக்கிட்டா.” கொஞ்சம் தயங்கிக் கேட்டான். “முட்டத்துல நின்னீங்களா? அலை எப்படி சார் இருந்துது?”

சுமார்தான் என்றேன்.

தலைமையகத்தின் பதில் வந்த தேதி அக்டோபர் இரண்டு. காந்தி ஜெயந்தி, தலைமையகத்துக்கும் விடுமுறை; எழுதியது ஆளா நிரலா என்று நான் விசாரிக்கவில்லை.